நடுவில் நிற்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு இலவசக் கல்வியும் மருத்துவமும் வேண்டும். தொழில் நடத்துகிறவனை அரசு பாடாய்ப்படுத்தவும் கூடாது. இடதிலும் வலதிலும் நல்லதை எடுத்துக்கொண்டால் என்ன தவறு? நண்பர்கள் என்னை மதில்மேல் பூனை என்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படியொரு மையக் கட்சிக்கு இடமுண்டா?

ச., கடலூர் முதுநகர்

அன்புள்ள ச.,

கட்சிக்கு இடமுண்டா என்பதை ஜோசியரிடம் கேளுங்கள். நண்பர்களையும் விடுங்கள். கலப்பதில் தவறே இல்லை. சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்ட வலதுசாரி சான்சலர் பிஸ்மார்க்தான் 1883இல் ஜெர்மன் தொழிலாளிக்கு நோய்க் காப்பீடு கொடுத்தார்.

உங்கள் கடிதத்தில் ‘நல்லதை’ என்ற இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. செலவு யார் தலையில், தம்பி? அதைப் பற்றி ஒரு வரி இல்லையே!

இங்கே புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், இருந்தார். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன், பிரெஞ்சுக் குடியுரிமை. “கவர்மென்ட்டு யாருக்கும் சும்மா குடுக்கக் கூடாதுடா” என்பார், சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடி. 2017 பிரெஞ்சு அதிபர் தேர்தலில் மக்ரோனுக்கு ஓட்டுப் போட்டார். இடதும் வலதும் சேர்ந்த ஆள் என்று அவ்வளவு பெருமை. மறு வருஷமே பெரும் பணக்காரர்களின் சொத்து வரி நிலம், வீட்டோடு சுருங்கியது, பங்குகள் தப்பின. டீசல் வரியோ ஏறியது. நவம்பரில் அந்த வரியை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் பிரான்ஸ் முழுக்க ரவுண்டானாக்களை மறித்தார்கள். பெரியவர் டிவியை அணைத்துவிட்டு, “பொழைக்கத் தெரியாதவன்” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அவரைவிட என்னை அரிப்பது 1936 ஜூலை 30. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இதே புதுச்சேரியில், எட்டு மணி நேர வேலை கேட்ட சவானா பஞ்சாலைத் தொழிலாளர்களில் 12 பேரைச் சுட்டுக் கொன்ற நாள். (அப்போது பாரிஸில் ஆண்டது லெயோன் ப்ளூமின் இடதுசாரி அரசு. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) மறு ஆண்டு எட்டு மணி நேரம் சட்டமானது. உங்களைப் போல ஒரு நியாயஸ்தர் அன்று மில் வாசலுக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “முதலாளி பன்னிரண்டு என்கிறார், நீங்கள் எட்டு என்கிறீர்கள், பத்தில் முடித்துக்கொள்வோம்.” முதலாளி பதினான்கில் பேரத்தைத் தொடங்கியிருந்தால் உங்கள் நடு பதினொன்று! கத்துகிறவன் பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும் நடு அது. எட்டு ஏன் நியாயம் என்று தறியில் நின்றவனின் உடம்பை வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டு எண்களைக் கூட்டி வகுத்துச் சொல்ல முடியாது.

நல்ல பிள்ளை நீங்கள், எழுத்திலேயே தெரிகிறது. அடுத்த கடிதத்தில், அந்த இலவச மருத்துவத்துக்கு யாரிடம் எவ்வளவு வரி வாங்குவீர்கள் என்று எழுதுங்கள். ‘இரு தரப்பிலும் நியாயம் உண்டு’ என்று தொடங்கினால் மேற்கொண்டு படிக்க மாட்டேன்.