வாசகர் கேள்வி-பதில்: பிரிட்டிஷ் பேட்டில் குரூசர்கள்

சென்ற இதழில் முதல் உலகப் போர்க் கப்பல்கள் பற்றி ஒரு குறிப்பு வந்ததும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரிய போர்க்கப்பலின் பீரங்கிகளும், வேகக் கப்பலான குரூசரின் ஓட்டமும் சேர்ந்ததுதான் பேட்டில் குரூசர். பலரும் கேட்டவற்றுள் ஐந்து இங்கே.

டோங்காட்டிலிருந்து ஒரு வாசகர்: நம் மாகாணத்தின் பெயர் தாங்கிய ‘நேட்டால்’ கப்பல் பேட்டில் குரூசரா? அதை எதிரி மூழ்கடித்தானா?

இரண்டும் இல்லை. அது அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த கவசக் குரூசர். ஆறு 9.2 அங்குலப் பீரங்கிகள், நான்கு 7.5 அங்குலப் பீரங்கிகள். 1915 டிசம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தின் க்ரோமார்ட்டி துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றபோது தானாகவே வெடித்தது. அன்று கப்பலில் விருந்துக்கு வந்திருந்த பெண்களும் குழந்தைகளும் இறந்தவர்களில் உண்டு. பின்பக்க வெடிமருந்து அறையில் கார்டைட் (பீரங்கிக் குண்டைத் தள்ளும் மருந்து) கெட்டுப்போய்த் தானே தீப்பற்றியதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. கார்டைட் என்ற பெயரை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: போர்க்கப்பலுக்கு இணையான பீரங்கி வைத்துவிட்டு, கவசத்தை மட்டும் ஏன் பாதியாகக் குறைத்தார்கள்?

வேகத்துக்காக. ‘ட்ரெட்நாட்’ போர்க்கப்பலையும் முதல் பேட்டில் குரூசரான ‘இன்வின்சிபிள்’ கப்பலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ட்ரெட்நாட்: 18 பாய்லர், 23,000 குதிரைத்திறன், 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்). இன்வின்சிபிள்: 31 பாய்லர், 41,000 குதிரைத்திறன், 25 நாட். நான்கே நாட் கூட்டுவதற்கு 13 பாய்லர் அதிகம்! அத்தனை பாய்லருக்கும் இடம் வேண்டும் என்பதால் கப்பலின் நீளம் 527 அடியிலிருந்து 567 அடியானது. எடை கைமீறாமலிருக்க 12 அங்குலப் பீரங்கிகள் பத்திலிருந்து எட்டாயின, பக்கவாட்டுக் கவசம் 11 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாக இறங்கியது.

பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஃபிஷரின் கணக்கு இது: தன்னைவிடச் சிறிய குரூசரைத் துரத்தி அடிக்கலாம், பெரிய போர்க்கப்பலிடமிருந்து விலகி ஓடலாம். கணக்கில் தவறில்லை. ஆனால் 12 அங்குலப் பீரங்கி உள்ள கப்பல் கையில் இருந்தால் எந்த அட்மிரலும் அதைப் பெரும் போரில் முன்வரிசையில் நிறுத்தத்தான் பார்ப்பார்.

கேப் டவுன் வாசகர்: இவற்றால் தென்னாப்பிரிக்காவுக்கு நேரடிப் பயன் ஏதாவது இருந்ததா?

இருந்தது, 1914-இல். நவம்பர் 1 அன்று சிலி நாட்டின் கொரோனல் அருகே ஜெர்மன் அட்மிரல் ஸ்பே இரண்டு பிரிட்டிஷ் கவசக் குரூசர்களை ஆட்களோடு மூழ்கடித்தார். அடுத்து அவர் அட்லாண்டிக்கைக் கடந்து கேப் பக்கம் வரலாம் என்ற பயம் எழுந்தது. ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் (இன்றைய நமீபியா) நம் படைகள் லூடரிட்ஸ் துறைமுகத்தில் இறங்கியிருந்த நேரம், உள்நாட்டில் போயர்களின் மாரிட்ஸ் கலகம் வேறு. ஃபிஷர் இன்வின்சிபிளையும் ‘இன்ஃப்ளெக்ஸிபிள்’ கப்பலையும் தெற்கே விரட்டினார். இன்வின்சிபிளின் பாய்லர் செங்கல் வேலை முடியாததால் வேலையாட்களையும் ஏற்றிக்கொண்டே நவம்பர் 11 அன்று கிளம்பினார்கள்.

டிசம்பர் 8 காலை ஃபாக்லாந்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்பே வந்துவிட்டார். மாலைக்குள் ‘ஷார்ன்ஹோர்ஸ்ட்’, ‘க்னைசெனாவ்’ இரண்டும் மூழ்கின. இந்தக் கப்பல்கள் எதற்காகக் கட்டப்பட்டனவோ அதே வேலை! ஆனால் இரண்டு குரூசர்களை முடிக்க 1,174 பெரிய குண்டுகள் செலவாயின. தங்கள் கப்பல்களின் கரும்புகையே குறிபார்ப்பவர்களின் கண்ணை மறைத்தது ஒரு காரணம். ஸ்பே ஒழிந்த பின், டிசம்பர் 25 அன்று நம் படைகள் வால்விஸ் பேயைப் பிடித்தன.

மெர்பேங்க் வாசகர்: ஜட்லாண்டில் மூன்று கப்பல்கள் நொடியில் வெடித்தன. மெல்லிய கவசம்தானே காரணம்?

அது பாதி பதில். 1916 மே 31 அன்று வட கடலில் நடந்த ஜட்லாண்ட் சண்டையில் ‘இண்டிஃபாட்டிகபிள்’, ‘குயின் மேரி’, இன்வின்சிபிள் மூன்றும் வெடித்து 3,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்வின்சிபிளில் ஆறு பேர்தான் பிழைத்தார்கள். ஆனால் அதே நாளில் ‘டைகர்’ பதினைந்து பெரிய குண்டுகளை வாங்கிக்கொண்டு கரை சேர்ந்தது. கவசம் துளைபடுவது வேறு, கப்பல் வெடிப்பது வேறு.

பீரங்கிக்கு மருந்து எப்படிப் போகிறது என்று பாருங்கள். கப்பலின் அடியில் குண்டு அறை, அதற்கு மேல் வெடிமருந்து அறை. அங்கிருந்து கார்டைட் மூட்டைகளைப் பக்கத்துக் கைமாற்று அறைக்குக் கொடுப்பார்கள். அங்கே தூக்கியில் ஏற்றினால், நீண்ட குழாய் வழியே கோபுரத்தின் (பீரங்கிகள் பொருத்திய சுழலும் கவசக் கூடு) கீழ்த்தளத்துக்கு வரும். அங்கே இன்னொரு கூண்டுக்கு மாற்றினால்தான் பீரங்கியின் பின்புறத் திறப்புக்குப் போகும். 13.5 அங்குலப் பீரங்கியின் ஒரு வெடிக்குச் சுமார் 135 கிலோ கார்டைட், நான்கு பட்டுப் பைகளில். பையில் எளிதில் பற்றும் கருமருந்து தைத்திருக்கும்.

வேகமாகச் சுடுவதே வெற்றி என்ற எண்ணத்தில் வெடிமருந்து அறைக் கதவைத் திறந்தே வைத்தார்கள். பெட்டிகளின் மூடியை முன்கூட்டியே கழற்றி மூட்டைகளை வெளியே அடுக்கினார்கள். கோபுரத்தில் விழும் ஒரே குண்டின் தீ மூட்டைக்கு மூட்டை தாவி அடிவரை இறங்க இது போதும். ஜெர்மானியர்களுக்கும் இந்த அடி விழுந்தது: 1915 ஜனவரியில் வட கடலின் டாகர் பேங்க் சண்டையில் ‘சைட்லிட்ஸ்’ கப்பலின் இரண்டு பின்கோபுரங்கள் எரிந்தன. ஆனால் அவர்களின் முதன்மை மருந்து பித்தளை உறையில் இருந்தது. எரிந்ததே தவிர வெடிக்கவில்லை. அந்தப் பாடத்துக்குப் பின் வெளியே வைக்கும் மருந்தின் அளவையும் குறைத்தார்கள்.

பிரிட்டிஷ் பக்கமும் ஒருவர் விழித்திருந்தார். ‘லயன்’ கப்பலின் தலைமை கன்னர் அலெக்சாண்டர் கிராண்ட், தேவைக்கு மேல் ஒரு பெட்டியும் திறக்கக்கூடாது, ஒரு கதவு மட்டுமே பயன்படவேண்டும் என்று கண்டிப்பு வைத்தார். ஜட்லாண்டில் லயனின் ‘க்யூ’ கோபுரம் அடிபட்டபோது, சாகும் தறுவாயிலிருந்த அந்தக் கோபுரத்தின் தலைவர் மேஜர் ஹார்வி, வெடிமருந்து அறைக் கதவை மூடி உள்ளே தண்ணீர் விடச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மிச்சமிருந்த மூட்டைகள் எரிந்து அங்கிருந்தோரைக் கொன்றன. கப்பல் தப்பியது. அந்தச் சண்டைக்குப் பின் கடற்படை தீ தாவாத கதவுகளைப் பொருத்தியது, வெடிமருந்து அறைகளின் மேல் தகடும் சேர்த்தது. தகட்டை மட்டும் பற்றிப் பேசுவது அதிகாரிகளுக்கு வசதி. கதவைப் பற்றிப் பேசினால் உத்தரவு போட்டது யார் என்ற கேள்வி வரும்.

சாட்ஸ்வொர்த் வாசகி: டேபிள் மௌன்டன் பின்னால் தெரிய ஒரு பெரிய போர்க்கப்பல் நிற்கும் பழைய படம் வீட்டில் இருக்கிறது. பின்புறம் ‘ஹூட்’ என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

பீரங்கிக் கோபுரங்களை எண்ணுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் அது பெரும்பாலும் ‘ரிபல்ஸ்’. 1923 டிசம்பரில் ஹூட்டோடு கேப் டவுன் வந்தது, 1925-இல் பிரிட்டிஷ் இளவரசரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்கு மீண்டும் வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்றால் அவசரப்படாதீர்கள்: 1947-இல் அரச குடும்பத்தைக் கொண்டுவந்த ‘வான்கார்ட்’ கப்பலுக்கும் அதே அமைப்புதான், புகைபோக்கியும் அதே இரண்டுதான். வான்கார்ட்டின் மூக்கு மேல்நோக்கி எழும்பியிருக்கும், பின்முனை வெட்டியதுபோல் தட்டையாக இருக்கும். ஹூட்டின் பின்தளம் தண்ணீரை ஒட்டித் தாழ்ந்திருக்கும், முன்பாய்மரம் முக்காலிபோல் மூன்று கால்களில் நிற்கும். படத்தின் பின்புறம் 1941 மே மாதத்துக்குப் பிந்தைய தேதி இருந்தால், எழுத்து எதுவாயினும் அது ஹூட் அல்ல; அந்த மாதமே ஹூட் மூழ்கிவிட்டது.