இருபது வயது ஹெவிவெயிட்டை எப்படி எடை போடுவது?

கேள்வி: இங்கிலாந்தின் இளம் குத்துச்சண்டை வீரர் மோசஸ் இட்டாமாதான் அடுத்த மைக் டைசன் என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். டிலியன் ஒயிட்டை வீழ்த்தியபோது 13 சண்டை, 13 வெற்றி, அதில் 11 நாக் அவுட். யூடியூபில் பார்த்தால் பாதி சண்டை உட்காருவதற்குள் முடிந்துவிடுகிறது. இதை வைத்து ஓர் இளம் வீரரைக் கணிக்க முடியுமா?

பதில்: அந்த 11-ஐ விடுங்கள். மீதி இரண்டைப் பாருங்கள்.

ஹெவிவெயிட் என்றால் 200 பவுண்டுக்கு, அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல். உச்சவரம்பு கிடையாது. அந்த உடம்பு உள்ளவரின் கை சரியாகப் பட்டால் யாராக இருந்தாலும் விழத்தான் செய்வார். அதோடு, ஆரம்ப காலத்தில் எதிராளியைப் பொறுக்கி எடுப்பது சண்டையை ஏற்பாடு செய்யும் புரமோட்டர். முதல் பத்துப் பன்னிரண்டு வெற்றிகளில் பாதிப் பெருமை அவருக்குத்தான் போக வேண்டும்.

அதனால் வீரர்களின் சண்டைக் கணக்கை வைத்திருக்கும் பாக்ஸ்ரெக் தளத்தில் எதிராளிகளின் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். வயது என்ன, கடைசி மூன்று சண்டை என்ன ஆயிற்று, எவ்வளவு காலம் ரிங் ஏறாமல் இருந்தார்? 2025 ஆகஸ்டில் ரியாதில் இட்டாமா ஒயிட்டை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார். பெரிய பெயர்தான். ஆனால் ஒயிட்டுக்கு அப்போது 37 வயது. முன்னணி ஹெவிவெயிட்டுகளான ஆண்டனி ஜோஷுவா, அலெக்சாண்டர் பொவெட்கின், டைசன் ஃபியூரி மூவரிடமும் ஏற்கெனவே நாக் அவுட் ஆனவர். ஒரு வார்த்தை, மைக் டைசன் ஒப்பீடு எனக்குப் பிடிபடவே இல்லை. டைசன் ஆறடிக்கும் குறைவு, குனிந்து உள்ளே புகுந்து அடிப்பவர். இவர் நெடுநெடுவென்று வளர்ந்த இடதுகைக்காரர்.

சரி, வீடியோவில் எதைப் பார்ப்பது? வர்ணனையை மியூட் செய்துவிட்டு, குத்து விழும் இடத்தை விட்டு, குத்திய கை எங்கே போகிறது என்று பாருங்கள். ஜாப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து, போட்ட கை நேராகத் தாடைக்குத் திரும்புகிறதா, இடுப்புப் பக்கம் தொங்கிவிட்டு மேலே ஏறுகிறதா? தொங்கும் அந்த அரை நொடியில்தான் எதிராளியின் குத்து நுழையும். அப்புறம் கால். பலமான குத்தைத் தவறவிட்டதும் உடம்பு முன்னால் சாய்ந்து போகிறவரை, அனுபவசாலி யாராவது ஒரு நாள் பிடித்துவிடுவார்.

அடி வாங்கிய பிறகு நடக்கும் பத்து நொடியை எனக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பிடிக்கும். கட்டிப்பிடிக்கிறாரா, விலகுகிறாரா, ரோஷத்தில் பாய்கிறாரா? அமெரிக்காவின் ஜாரெட் ஆண்டர்சனையும் இப்படித்தான் கொண்டாடினார்கள். 2023 ஜூலையில் சார்லஸ் மார்ட்டின் அவரை ஒரு ரவுண்டில் நன்றாகவே ஆட்டிவைத்தார். கடைசியில் நடுவர்களின் புள்ளிகளில் ஆண்டர்சன் ஜெயித்ததால் பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மார்ட்டின் பகோலே என்ற இன்னொருவர் ஆண்டர்சனை முதல் ரவுண்டிலேயே கீழே தள்ளி, ஐந்தாவதில் கதையை முடித்தார்.

மூச்சும் முக்கியம். 1998 டிசம்பரில் கீவ் நகரில் விளாடிமிர் கிளிச்கோ மோதியது ராஸ் ப்யூரிட்டியுடன். கிளிச்கோ ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 24 சண்டையில் 24 வெற்றி. ப்யூரிட்டிக்கோ ஏற்கெனவே 13 தோல்வி. அடித்து அடித்தே களைத்துப்போன கிளிச்கோ 11-ஆவது ரவுண்டில் தோற்றார்.

அவரேதான் பின்னால் பயிற்சியாளர் இமானுவல் ஸ்டூவர்டிடம் போய், ஜாப்பையும் கட்டிப்பிடித்து மூச்சு வாங்குவதையும் கற்று, 2006-இலிருந்து 2015 வரை பட்டத்தை வைத்திருந்தார். டேனியல் டூபுவாவும் 2020-இல் ஜோ ஜாய்ஸின் ஜாப்பில் கண்ணெலும்பு முறிந்து, மண்டியிட்டுத் தோற்றவர். 2024-இல் ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஒரு தோல்வியோடு யாரையும் மூட்டை கட்டாதீர்கள்; தோற்ற பிறகு எதை மாற்றினார் என்று பாருங்கள்.

இட்டாமாவைப் பற்றி என் கணிப்பா? கால்வேகமும் நிதானமும் அந்த வயதுக்கு அபூர்வம். ஆனால் ஒயிட் சண்டை வரை அவர் ஆறு ரவுண்டைத் தாண்டியதே இல்லை. அடித்தும் எதிராளி விழாத, புள்ளிகளில் ஜெயித்த அந்த இரண்டு சண்டைகளைத் தேடிப் பிடித்து முழுசாகப் பாருங்கள். ஐந்தாவது, ஆறாவது ரவுண்டில் கை இறங்குகிறதா, ஜாப் குறைகிறதா என்று குறித்துக்கொண்டு நண்பர்களிடம் போங்கள்.