கதவைத் திறந்தது அவர், கால் உடைந்தது எனக்கு: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. திருச்சியில் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறேன். நாலு மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, கூட வேலை பார்க்கும் நண்பரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக்கில் வேலைக்குப் போனேன். சாலையோரம் நிறுத்தியிருந்த காரில் இருந்தவர், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்காமல் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். எதிரே பஸ் வந்ததால் என்னால் ஒதுங்க முடியவில்லை. கதவில் ஹேண்டில்பார் மாட்டி இருவரும் விழுந்தோம். எனக்கு இடது முழங்காலில் எலும்பு உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். நண்பருக்குச் சிராய்ப்பு. போலீஸ் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது மட்டும் கொடுத்தார்கள். "உன் வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஹெல்மெட்டும் போடல, கேஸ் போட்டா உனக்குத்தான் சிக்கல்" என்றார்கள். கார்க்காரர் 15,000 ரூபாய் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்போது என்னால் குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை. உட்காராமல் என் வேலையைச் செய்யவே முடியாது. எல்லாம் முடிந்துவிட்டதா ஐயா?

பதில்: எதுவும் முடியவில்லை. நீங்கள் வழக்குப் போடலாம், போட வேண்டும், அதையும் அடுத்த இரண்டு மாதத்துக்குள் போட வேண்டும்.

ஸ்டேஷனில் உங்களைப் பயமுறுத்திய விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இந்த ஒரு பயத்தால் வாய் மூடிக்கொண்ட எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியது தப்புத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 196-வது பிரிவின்படி முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் போடாததற்கு 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் செல்லாது. இது அரசாங்கத்துக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. கார்க்காரர் உங்கள் காலுக்குப் பதில் சொல்ல வேண்டியது வேறு கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியாது.

நீங்கள் செய்த தப்பினால்தான் விபத்து நடந்ததா, இல்லை காயம் அதனால் கூடியதா என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. உங்கள் பைக்குக்கு இன்சூரன்ஸ் இருந்திருந்தால் அந்தக் கதவு திறக்காமல் இருந்திருக்குமா? இருக்காது. ஹெல்மெட் போட்டிருந்தால் முழங்கால் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது. தலையில் அடிபட்டிருந்தால் விஷயம் வேறு. அப்போது ஹெல்மெட் போடாததற்காக இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழிப்பதுண்டு. உங்களுக்கு அடி முழங்காலில்.

இது என் சொந்த விளக்கம் இல்லை. டெல்லியில் மூன்று பேர் ஏறிப்போன ஒரு பைக்கைப் பின்னாலிருந்து வந்த கார் மோதிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020-ல் இதைத்தான் சொன்னது. மூன்று பேர் போனது சட்ட மீறல்தான், ஆனால் விபத்துக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததாக நிரூபிக்காதவரை அதற்காக இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லை என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்று 2008-லேயே ஒரு தீர்ப்பு உண்டு.

"நிறுத்தியிருந்த காரில் நீ வந்து மோதினாய்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். நின்ற வண்டிக்கு என்ன பொறுப்பு என்றும் கேட்கும். வாகனத்தைப் 'பயன்படுத்தியதால்' நேர்ந்த விபத்து என்றால்தான் இந்தச் சட்டம் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் பயன்படுத்துவது என்றால் ஓட்டுவது மட்டும் இல்லை. 1987-ல் மகாராஷ்டிராவில் ஒரு பெட்ரோல் டேங்கர் நெடுஞ்சாலையோரம் கவிழ்ந்து கிடந்தது. பெட்ரோல் கசிந்து, சில மணி நேரம் கழித்து வெடித்து, அங்கே கூடியிருந்தவர்கள் இறந்தார்கள். டேங்கர் ஓடவில்லையே என்று வாதாடினார்கள். ஓடாமல் கிடந்த வண்டியும் பயன்பாட்டில் இருந்ததுதான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. காரிலிருந்து இறங்கக் கதவைத் திறப்பது அதைவிட நேரடியான பயன்பாடு.

நம் பக்கத்திலேயே நடந்த ஒரு வழக்கையும் சொல்கிறேன். 2017 ஜனவரியில் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் மாணவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றது. கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்றார் கார்க்காரர். மாணவர் காரில் மோதி விழுந்தார், பின்னால் வந்த பஸ் காலில் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. கார்மீது தப்பே இல்லை என்று, விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. உயர் நீதிமன்றம் கார்மீது 40 சதவீதம் போட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றி, கார்மீது 50 சதவீதம், பஸ்மீது 30, மாணவர்மீது 20 என்று பொறுப்பைப் பிரித்தது. முன் வண்டியோடு போதிய இடைவெளி விடவில்லை, லைசென்ஸும் இல்லை என்பதற்காகத்தான் அந்த 20. அப்படியும் 1.14 கோடி என்று கணக்கிட்ட தொகையில் ஐந்தில் நான்கு பங்கு அவருக்குக் கிடைத்தது. பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் சாலையில் எதையும் திடீரென்று செய்யக் கூடாது என்பது கார் ஓட்டுபவரின் கடமை. பிரேக்குக்கு உள்ள அதே கடமை கதவுக்கும் உண்டு.

அந்தத் தீர்ப்பிலிருந்து நீங்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. "அவ்வளவு பக்கத்தில் ஏன் போனாய், என்ன வேகத்தில் போனாய்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். எதிரே பஸ் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் பதில், அதை முதல் மனுவிலேயே எழுத வேண்டும். அப்படியும் உங்கள்மீது கொஞ்சம் சதவீதம் போடலாம். அதற்குப் பயந்து வேகத்தைக் குறைத்துச் சொல்லவோ, ஹெல்மெட் போட்டிருந்ததாகச் சொல்லவோ வேண்டாம். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளும் கூடவே போய்விடும்.

சரி, கையெழுத்துப் போட்ட தாள். அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். நீதிமன்றம் போகவே கூடாது என்று கட்டிப்போடும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 28-வது பிரிவின்படி செல்லாது. காயம் எவ்வளவு பெரியது என்று தெரியாத நேரத்தில், வலியோடு இருந்தவரிடம் 15,000 ரூபாய்க்கு வாங்கிய கையெழுத்துக்குத் தீர்ப்பாயத்தில் மதிப்பு மிகக் குறைவு. பணம் வாங்கியதை மறைக்காதீர்கள். வாங்கினேன், இன்ன சூழ்நிலையில் வாங்கினேன் என்று மனுவில் சொல்லிவிடுங்கள். அதிகம் போனால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

சி.எஸ்.ஆர். மட்டும் போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 125(பி) பிரிவில் வருகிற குற்றம். இப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-ல் சொல்லிவிட்டது. புகாரைத் தெளிவாக எழுதி, சி.எஸ்.ஆர். நகலை இணைத்து ஸ்டேஷனில் கொடுங்கள். மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகர எல்லை என்றால் கமிஷனருக்கு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டும் இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்றும் 2011-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. அதற்காக எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

ஏன் இரண்டு மாதம் என்கிறேன் என்றால், 2022 ஏப்ரல் 1 முதல் இந்த மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், கெடு தாண்டிய காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி உங்கள் காலைப் பணயம் வைக்க வேண்டாம். திருச்சியிலேயே மனுப் போடலாம். விபத்து நடந்த இடமோ நீங்கள் குடியிருக்கும் இடமோ எல்லைக்குள் இருந்தால் போதும். கார் உரிமையாளர், கதவைத் திறந்தவர், காரின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆகியோரை எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் பணம் தரப்போவது இன்சூரன்ஸ் கம்பெனிதான். கார்க்காரரிடம் இதைச் சொன்னாலே அவர் தொனி மாறும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் ஒரு தாளுக்கு வருகிறேன். உங்களை முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களோ, அங்கே ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் நாலு வரி எழுதியிருப்பார்கள். ஏ.ஆர். காப்பி என்போம். எப்போது, எங்கே, எதனால் அடிபட்டது என்று கூட வந்தவர் சொன்னதை டாக்டர் எழுதும் பக்கம் அது. போலீஸ் வம்பு வேண்டாம் என்று நினைக்கும் நல்ல மனிதர்கள் அந்த இடத்தில் "வண்டி சறுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். முதல் வேலையாக அந்த நகலை வாங்குங்கள். "காரின் கதவு இடித்து" என்று இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. "சறுக்கி" என்று இருந்தால், அப்படிச் சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்று அவரையே சாட்சியாகக் கூப்பிட்டு விளக்க வேண்டியிருக்கும்.

அடுத்த சாட்சி அந்தக் கார்க் கதவு. நின்ற காரில் நீங்களாக வந்து மோதியிருந்தால் பின்பக்க பம்பரிலோ டிக்கியிலோ அடி இருக்கும். திறந்த கதவில் மாட்டியிருந்தால் கதவின் உள்பக்கமும் விளிம்பும் நசுங்கி, கீல் முன்பக்கமாக வளைந்திருக்கும். உங்கள் பைக்கில் இடது ஹேண்டில் முனையும் கிளட்ச் லீவரும் வளைந்திருக்கும். பைக்கை இன்னும் சரிசெய்யவில்லை என்றால் அப்படியே நிறுத்திவைத்து, நாலு பக்கமும் படம் எடுங்கள். கார்க்காரர் கதவை மாற்றியிருப்பார். அப்படியானால் அதற்கு அவர் இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டாரா, ஒர்க்‌ஷாப் பில் எங்கே என்று நீதிமன்றம் மூலம் கேட்கலாம். அக்கம்பக்கக் கடைகளில் சி.சி.டி.வி. பதிவு நாலு மாதம் கழித்து இருப்பது அபூர்வம். இருந்தாலும் போய்க் கேளுங்கள். அன்றைக்கே யாராவது போனில் எடுத்து வைத்திருப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர் நேரில் பார்த்த சாட்சி. அவருக்குப் பட்ட சிராய்ப்புக்கு அவரும் தனி மனுப் போடலாம்.

தொகை எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குள் சுயதொழில் செய்பவருக்கு, எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்ப்பார்கள். 25,200 ஆகிறது. ஆண்டுக்கு 3,02,400. அந்த ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது, உங்கள் வயதுக்கு 15. மொத்தம் 45,36,000. இதில் எத்தனை சதவீதம் சம்பாதிக்கும் திறன் போனதோ, அந்தப் பங்கு உங்களுக்கு. 30 சதவீதம் என்றால் 13,60,800. 50 சதவீதம் என்றால் 22,68,000. இதோடு வைத்தியச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் உள்ள தொகை, பிளேட்டை எடுக்கும் ஆபரேஷனுக்கு ஆகப்போகும் செலவு எல்லாம் தனி. வட்டியும் உண்டு. நம் ஊரில் வழக்கமாக 7.5 சதவீதம் போடுகிறார்கள்.

அந்தச் சதவீதத்தில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. மெடிக்கல் போர்டு காலைப் பார்த்து 20, 25 என்று சான்று தரும். அப்படியே ஒப்புக்கொண்டால் நஷ்டம். காலுக்கு எவ்வளவு ஊனம் என்பது வேறு, உங்கள் பிழைப்புக்கு எவ்வளவு ஊனம் என்பது வேறு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. கை போன ஒரு டிரைவரோ தச்சரோ அநேகமாக முழுப் பிழைப்பையும் இழக்கிறார், அதே கை போன அரசாங்க குமாஸ்தா வேலையில் தொடரலாம் என்பது அந்தத் தீர்ப்பில் வரும் உதாரணம். டைல்ஸ் ஒட்டுபவர் நாள் முழுக்கக் குத்துக்கால் போட்டு, பின்னால் பின்னால் நகர்ந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டுகிறவர். முழங்கால் மடங்காதவர் அந்த வேலையை எப்படிச் செய்வார்? உங்கள் மேஸ்திரி கூண்டேறி இதைச் சொல்ல வேண்டும். நீங்கள் வேலை செய்யும் பழைய போன் வீடியோ ஏதாவது இருந்தால் அதையும் கொடுங்கள். சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, ஜிபேயில் வந்த கூலி, மேஸ்திரியின் கூலி நோட்டு எல்லாம் ஆதாரம்தான்.

யார் தப்பு என்றே பார்க்காமல் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் தரும் 164-வது பிரிவும் சட்டத்தில் இருக்கிறது. சீக்கிரம் முடியும் என்று யாராவது அதைக் காட்டினால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். வாங்கினால் பெரிய மனு அத்தோடு போய்விடும்.

ஆஸ்பத்திரி வாசலிலும் கோர்ட் வாசலிலும் "நாங்க பாத்துக்கறோம், வர்றதுல பங்கு குடுங்க" என்று சொல்லி வருபவர்களை அண்ட விடாதீர்கள். இழப்பீட்டில் பங்கு பேசுவது வக்கீல் தொழிலில் தடை செய்யப்பட்ட ஒன்று. பீஸ் கொடுக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவர் சீட்டிலிருந்து இறங்கும்போது கதவை வலது கையால் திறக்காமல் இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண்ணாடியும் பின்னால் வரும் பைக்கும் கண்ணில் படும். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு, சாலைப் பக்கம் உட்கார்ந்தால் வெளிக் கையை விட்டுவிட்டு உள்கையால் திறக்கச் சொல்லிக் கொடுங்கள். பைக்கில் போகிறவர்கள், நிற்கும் காரில் ஆள் தலை தெரிந்தால் ஒரு கதவு அகலம் விட்டுப் போங்கள்.

கடைசியாக உங்களுக்கு: ஊனச் சான்றை இப்போதே வாங்க ஓடாதீர்கள். எலும்பு முழுதாகக் கூடி, டாக்டர் இனி முன்னேற்றம் இருக்காது என்று சொன்ன பிறகு எடுத்தால்தான் அது நிற்கும். மனுவை இப்போது போட்டுவிட்டு, சான்றை விசாரணையின்போது தாக்கல் செய்யலாம். அதுவரை ஒவ்வொரு பிசியோதெரபி சீட்டையும், ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்வந்த செலவையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.