அம்மாவின் சிகிச்சைக்காக மதுரையிலிருந்து திருவனந்தபுரம் வருகிறோம். எந்த ஹோட்டலில், எந்த பேக்கரியில் என்ன சாப்பிடலாம்?

மெடிக்கல் காலேஜ் பக்கம் அறை எடுத்திருக்கிறோம், மலையாளம் தெரியாது, சமைக்க வசதியில்லை, மூன்று வேளையும் வெளிச்சாப்பாடுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்து எல்லையில் உள்ள களியக்காவிளைக்காரன். எங்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் பஸ் பிடித்துப் போய் வேலை பார்த்துத் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். வீட்டில் சாப்பிடுவதைவிட அந்த ஊரில் சாப்பிடுவதுதான் அதிகம் என்று அம்மா குறைப்படுகிற அளவுக்குப் பழக்கம்.

கடைப் பெயர்கள் சொல்கிறேன். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும்: திருவனந்தபுரத்தில் நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள். காலையில் சைவ ஹோட்டல், மதியம் ஊணு, அதாவது சோற்றுச் சாப்பாடு போடுகிற கடை, நாலு மணிக்கு பேக்கரி, இருட்டியதும் தட்டுக்கடை என்கிற ரோட்டோர வண்டிக்கடை. ஒவ்வொன்றும் அதனதன் வேளையில்தான் ருசி. மதுரையில் நள்ளிரவிலும் இட்லி கிடைக்கும் என்ற நினைப்பில் வருபவர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் சோறு தேடி அலைவதை அடிக்கடிப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் பல கடைகளில் சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்தாகிவிடும். ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுத்துக் காத்திருப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். அதனால் ஒருவர் வரிசையில் இருக்க, மற்றவர் ஒரு மணிக்கு முன்பே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் நல்லது.

காலைச் சாப்பாட்டில் கவலையில்லை. இட்லிதான் வேண்டும் என்றால் தம்பானூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆரிய நிவாஸ் இருக்கிறது. சாம்பாரில் தேங்காய் எண்ணெய் வாசனை இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும். ஆனால் அம்மாவுக்கு இட்லியே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் இடியாப்பமோ புட்டோ கொடுத்துப் பாருங்கள். புட்டும் கடலைக் கறியும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் புட்டு, வேகவைத்த பயறு, பப்படம் மூன்றையும் ஒன்றாக நொறுக்கிப் பிசைந்து சாப்பிடுவோம். காரம் குறைவு, வயிறு நிறையும், பகல் முழுக்கப் பசிக்காது. புட்டு சூடாக இருக்கும்போதே பிசைந்துவிட வேண்டும். ஆறினால் தொண்டையில் நிற்கும்.

குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வரும். பயப்பட வேண்டாம். பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் அது. சில கடைகளில் சீரகம் போட்டு வைப்பார்கள். நோயாளியோடு வருபவர்களுக்கு இதைவிட நல்ல வழக்கம் இல்லை. ஆனால் கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரை விளாவிக் கொண்டுவருகிற கடையும் உண்டு. டம்ளரைத் தொட்டுப் பார்த்து, சூடு போதவில்லை என்றால் வேறு கேளுங்கள்.

தம்பானூரில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் உருண்டையாக ஒரு கட்டடம் கண்ணில் படும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. உள்ளே போனால் மாடிப்படி என்ற ஒன்றே கிடையாது. தரை தானாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். சுவர் முழுக்க ஓட்டைகள். அதன் வழியாகக் காற்றும் வெளிச்சமும் துண்டு துண்டாக மேசைமேல் விழும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்ச்சுற்றிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். பரிமாறுகிறவர்கள் விசிறி வைத்த வெள்ளைத் தலைப்பாகையோடு வந்து ஆர்டர் எடுப்பார்கள். கட்லெட்டைப் பிட்டால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. மசாலா தோசையிலும் அதே சிவப்புதான். முதல் முறை பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், நான் அதற்காகவே போகிறேன். 1950-களில் மத்திய அரசின் காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடியபோது, வேலை போன தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் முன்னின்று நடத்த, கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து தாங்களே கடை திறந்தார்கள். கேரளத்தில் முதல் கடை 1958-ல் திருச்சூரில். இன்றைக்கும் பரிமாறுகிறவரே பங்குதாரர். விலை கைக்கடக்கமாக இருப்பதற்கும், பெரிய குடும்பம் ஒரு காபியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பாததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ரயிலுக்கு நேரமிருந்தால் அம்மாவை அங்கே உட்கார வையுங்கள்.

மதியச் சாப்பாடுதான் இந்த ஊரின் உயிர். உட்கார்ந்ததும் சம்பாவா வெள்ளையா என்று கேட்பார்கள். சம்பா என்றால் சிவப்பு ஓடிய குண்டு அரிசிச் சோறு. பழக்கமில்லாதவர்களுக்கு வேகாத மாதிரித் தோன்றும், அம்மாவுக்கு வெள்ளையே சொல்லுங்கள். முதலில் பருப்பும் நெய்யும் வரும். பப்படத்தை அதிலேயே நொறுக்கிப் போட்டுப் பிசைய வேண்டும், தொட்டுக்கொள்ள வைத்திருந்தால் பக்கத்து இலைக்காரர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அதன்பின் சாம்பார். கூடவே அவியல், தோரன், எரிசேரி, தயிர்க் கிச்சடி என்று தொடுகறிகள். இலைச் சாப்பாடு என்றால் பாயசம் நடுவில் வரும். தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் பாயசம் வந்ததும் முடிந்தது என்று இலையை மடித்துவிடுகிறார்கள். மடிக்காதீர்கள். ரசமும் மோரும் அதற்குப் பிறகுதான். போளி கிடைத்தால் விடவே கூடாது. திருவனந்தபுரத்துப் போளி மஞ்சளாக, துணி மாதிரி மெத்தென்று இருக்கும். அதை இலையில் பிய்த்துப் போட்டு, பால்பாயசத்தை மேலே ஊற்றி, கையால் நன்றாகப் பிசைந்து சாப்பிட வேண்டும். தனியாக எடுத்துக் கடித்துவிட்டு, மதுரைப் போளிதான் நல்லது என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தன. எல்லை மாறினாலும் எங்கள் கல்யாண வீட்டு இலை மாறவில்லை. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இப்படி இலை போட்டுச் சாப்பிட பேக்கரி ஜங்ஷன் பக்கம் மதர்ஸ் வெஜ் பிளாசா போகலாம். தினமும் அப்படிச் சாப்பிடப் பணமும் வயிறும் இடம் கொடுக்காது. குடும்பஸ்ரீ என்கிற கேரள மகளிர் குழுப் பெண்கள் நடத்துகிற ஜனகீய ஹோட்டல் எங்கே என்று ஆஸ்பத்திரிப் பக்கம் விசாரியுங்கள். 2020-ல் 20 ரூபாய் ஊணு என்று தொடங்கினார்கள். 2023-ல் அரசு மானியம் நின்றதும் விலையை ஏற்ற வேண்டியதாயிற்று. என்றாலும் வீட்டுச் சமையல் ருசிக்கு அதுதான் கிட்டத்தில் வரும். இந்தப் பெண்களுக்கு மானியம் நின்றது எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்து தரையில் படுத்திருக்கிற குடும்பங்கள் பல அந்தச் சோற்றை நம்பித்தான் இருந்தன.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் ‘சாலை’ என்று பெயர் கொண்ட கடைத்தெருவுக்குள் முபாரக் ஹோட்டல். கிழக்கேகோட்டையில் இறங்கி நடக்கலாம். அந்தக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், வழி தமிழிலேயே கேட்கலாம். மீன் கறியும் மரச்சீனிக் கிழங்கும் (உங்கள் ஊர் மரவள்ளி) சேர்த்துச் சாப்பிடுங்கள். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அதே நகரத்தின் ஸ்ரீகாரியத்தில்தான் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இருக்கிறது. மீனுக்கும் நேரம் உண்டு. ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் கேரளத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். அந்த நாட்களில் நெய்மீன் (வஞ்சிரம்) வறுவல் என்று சொன்னால் ஐஸில் கிடந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்போது சாளையோ (மத்தி) நெத்தோலியோ (நெத்திலி) இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதைச் சாப்பிடுங்கள்.

கோழிக்கு அதே சாலைக் கடைத்தெருவில் ரஹ்மானியா. கெத்தேல் சிக்கன் என்று சொன்னால்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சின்னத் துண்டுகளாகப் பொரித்து, சட்டியில் மொறுமொறுத்த மசாலாப் பொடியை மேலே அள்ளிப் போட்டு, சின்னச் சின்ன சப்பாத்தியோடு கொடுப்பார்கள். கூட ஒரு எலுமிச்சைச் சாறு. அந்தப் பொடியை மிச்சம் வைக்காதீர்கள். பிரியாணிக்குப் பாளையம் பக்கம் போகலாம், ஆனால் மதுரைக்காரர் பிரியாணிக்காக இங்கே நேரம் செலவிட வேண்டியதில்லை.

பேக்கரிக்கு வருகிறேன். மலையாளிகளின் பேக்கரிப் பாசத்துக்கு வயது அதிகம். தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கினார். 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, இதைப் போல் செய்ய முடியுமா என்று கேட்க, பாப்பு செய்து கொடுத்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். டிசம்பரில் வருவதாக இருந்தால் பிளம் கேக் வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

மற்ற மாதங்களில் நாலு மணிக்குப் போங்கள். பல கடைகளில் பப்ஸ் இரண்டாவது முறை அடுப்பிலிருந்து வருகிற நேரம் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பின் கீழ் காலையிலிருந்து கிடப்பதை வாங்காதீர்கள். அது தோல் மாதிரி இழுக்கும். புதிதாக வந்த முட்டை பப்ஸைத் தொட்டாலே மேல் அடுக்கு உதிர்ந்து காகிதத்தில் கொட்டும். உள்ளே பாதி முட்டை கவிழ்த்து வைத்திருக்கும், சுற்றிலும் நன்றாக வதங்கிய வெங்காய மசாலா. சூட்டில் வெங்காயம் இனிக்கும், மிளகு பின்னால் வந்து கடிக்கும். பப்ஸ் தீர்ந்துவிட்டதென்றால் வெட்டுகேக் கேளுங்கள். எண்ணெயில் பொரித்தது, மேலே பூ மாதிரி வெடித்திருக்கும், ஏலக்காய் மணக்கும். டீயில் தோய்க்கலாம். அதே நேரத்தில் டீக்கடைகளில் ஏத்தங்காய் அப்பம், அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, எண்ணெயிலிருந்து எடுப்பார்கள். நன்றாகக் கனிந்த ஏத்தன் பழத்தில் போட்டது என்றால் தோலுக்குள் பழம் குழைந்திருக்கும். கையில் எடுத்ததும் விறைப்பாக நின்றால் பழம் காய்வெட்டு. அடுத்த கடைக்குப் போங்கள்.

இருட்டியதும் தட்டுக்கடை. வண்டியில் விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போனால் கல் நன்றாகச் சூடேறியிருக்கும். தோசை சின்னதாக, தடியாக, ஓரம் மட்டும் முறுகலாக இருக்கும். கூட சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையல், ரசத்தில் ஊறிய பருப்பு வடை, ஒரு ஆம்லெட். வடையை உடைத்துத் தோசைமேல் போட்டு அந்த ரசத்தையும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ள வேண்டும். “அண்ணா, ரெண்டு தோசை, ஒரு ரசவடை” என்று தமிழிலேயே கேளுங்கள். திருவனந்தபுரத்தில் அண்ணா என்ற விளிக்கு எல்லோரும் திரும்புவார்கள். முடிவில் கட்டன் சாயா, அதாவது பால் இல்லாத டீ.

இரவில் ரோடு முழுக்க அல்ஃபாம் (நெருப்பில் சுட்ட கோழி), குழிமந்தி (அரபு முறைக் கோழிச் சோறு), ஷவர்மா போர்டுகள் மின்னும். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். கோழி சூடாக நெருப்பிலிருந்து வந்தால் சாப்பிடலாம், மயோனைஸை மட்டும் ஒதுக்குங்கள். ஷவர்மாவும் அல்ஃபாமும் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்களுக்குப் பிறகு, பச்சை முட்டை போட்ட மயோனைஸை 2023 ஜனவரியில் கேரளம் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. கேரளத்தில் சட்டம் இருக்கிறது. ஆனால் நோயாளி இருக்கிற அறைக்குத் திரும்பப் போகிற நீங்கள் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அம்மாவுக்கு இரவில் கஞ்சி போதும். மெடிக்கல் காலேஜ், ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மையம், ஸ்ரீசித்ரா மருத்துவமனை மூன்றும் ஒரே வளாகம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் கஞ்சி போடுகிற சின்னக் கடைகள் இருக்கின்றன. கஞ்சி, பயறு, சம்மந்தி, பப்படம் சேர்த்து ஒரு செட். கீமோ எடுக்கிறார் என்றால் சம்மந்தி, வெளி ஜூஸ், வெட்டி வைத்த பழம் எதுவானாலும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். எவர்சில்வர் தூக்கு ஒன்று ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள், பிளாஸ்டிக் பையில் கொதிக்கிற கஞ்சியை ஊற்றி வாங்க வேண்டாம். எட்டரைக்குள் போய்விடுங்கள். உப்பு குறைத்து வேண்டும், ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னால் போதும், உப்பைத் தனியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள்.