கண்ணுக்குள்ள எது சும்மா கிடக்கும்? மிஸியிட்டைக் கேளுங்கோ

கண் ஒப்பரேசன் தியேட்டரிலை 22 வருசம் நிண்ட தாதி நான். ஓய்வெடுத்து இப்ப விசுவமடுவிலை இருக்கிறன். கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டனான். வந்ததுகளுக்குப் பதில் கீழை. உங்கட கண்ணைப் பாத்த டொக்டர் சொன்னதுதான் உங்களுக்கு முதல்.

மல்லாவியிலையிருந்து ஒரு மகள்: மிஸி, அம்மாவுக்கு 68 வயசு. கண்ணிலை வெள்ளை (கண்புரை) படர்ந்திட்டுது, லென்ஸ் வைக்கோணும் எண்டு கிளினிக்கிலை சொல்லிட்டினம். "பிளாஸ்டிக்கைக் கண்ணுக்குள்ள வைச்சா புண்ணாகாதோ" எண்டு மாட்டன் எண்டு நிக்கிறா.

அம்மா கேட்டதைத்தான் அந்தக் காலத்துப் பெரிய டொக்டர்மாரும் கேட்டவை. ஹரோல்ட் ரிட்லி எண்டு லண்டனிலை ஒரு கண் டொக்டர். இரண்டாம் உலகப் போரிலை விமானியளுக்கு வைத்தியம் பாத்தவர். விமானத்தின்ர மூடி பேர்ஸ்பெக்ஸ் எண்ட பிளாஸ்டிக். துவக்குச் சூடு பட்டு அது நொறுங்கினா சில்லுகள் கண்ணுக்குள்ள போயிடும். வருசக்கணக்காப் பாத்தும் அந்தச் சில்லுகளைச் சுத்திக் கண் சிவக்கவுமில்லை, சீழ் பிடிக்கவுமில்லை. 1949ஆம் ஆண்டு அதே வகைப் பிளாஸ்டிக்கிலை லென்ஸ் செய்து சென் தோமஸ் ஆஸ்பத்திரியிலை ஒரு பெண்ணுக்கு வைச்சார். கூட வேலை செய்தவையே கனகாலம் அவரை ஏசினவை. அதுக்கு முதல் வெள்ளையை எடுத்தா மிச்சக் காலம் முழுக்கச் சோடாப் போத்தில் கண்ணாடிதான்.

அம்மாட்டை இதையும் சொல்லுங்கோ: வயசு போனபிறகு ரிட்லியும் தன்ர ரெண்டு கண்ணிலையும் லென்ஸ் வைச்சுக்கொண்டவர்.

புதுக்குடியிருப்பு, 51 வயசு: அப்பிடியெண்டா 2009இலை என்ர இடக்கண்ணுக்குள்ள போன ஷெல் துண்டும் சும்மா கிடக்குமோ? நோ இல்லை. இரவிலை பார்வை குறையிற மாதிரிக் கிடக்கு.

இல்லை அண்ணை. பிளாஸ்டிக், கண்ணாடி வேறை, இரும்பு வேறை. இரும்பு கண்ணுக்குள்ளையும் துருப்பிடிக்கும். கருவிழியைச் சுத்தின நிறம் மெல்ல மண்ணிறமாகும், பிறகு விழித்திரை பழுதாகும். இரவுப் பார்வை குறையிறது அதின்ர அடையாளமா இருக்கலாம். செம்பு இன்னும் மோசம். நோ இல்லை எண்டு இருக்காதேங்கோ. விழித்திரையின்ர மின்னோட்டத்தை அளந்து பாத்துத்தான் எடுக்கிறதோ விடுறதோ எண்டு முடிவெடுப்பினம்.

பேர்லினிலை ஹிர்ஷ்பேர்க் எண்டவர் 1879இலேயே மின்காந்தத்தாலை கண்ணுக்குள்ள இருந்த இரும்பை இழுத்து எடுத்தவர். 1970களிலை மியாமியிலை மாக்கெமர் ஒரு வழி கண்டார்: கண்ணின்ர வெள்ளைப் பக்கத்தாலை ஊசி மொத்தத்திலை ஒரு கருவியை விட்டு, உள்ளை இருக்கிற பசை மாதிரியானதை வெட்டி வெட்டி உறிஞ்சிறது. பிறகு சின்ன இடுக்கியாலை துண்டைப் பிடிக்கலாம். நான் நிண்ட ஒரு ஒப்பரேசனிலை, ரெண்டு மணித்தியாலம் கழிச்சு, தட்டிலை "டிங்" எண்டு ஒரு சத்தம். பாத்தா அரை உழுந்தளவு, கறுப்பு.

இன்னொண்டு. எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னா வாசலிலேயே துண்டு இருக்கெண்டு சொல்லிப்போடுங்கோ. அது பெரிய காந்தம். உள்ளை துண்டு அசைஞ்சா கண் போயிடும். உடம்பிலை வேறை இடத்திலை துண்டு இருக்கிறவையும் சொல்லத்தான் வேணும்.

பரந்தன், உயர்தர மாணவன்: தையலே இல்லாமல் வெள்ளையை எப்பிடி எடுக்கினம் மிஸி?

நுங்கு குடிச்சிருப்பாய் தம்பி. தோலிலை ஒரு ஓட்டை போட்டு உள்ளை இருக்கிறதை உறிஞ்சிற மாதிரித்தான். பல் டொக்டரின்ர கதிரையிலை இருக்கேக்க, பல்லுச் சுத்தமாக்கிற அதிர்வுக் கருவியைப் பாத்து நியூயோர்க் டொக்டர் சார்ள்ஸ் கெல்மனுக்கு வந்த யோசினை அது. 1967இலை செய்தவர். கேளா ஒலியாலை வெள்ளையை உடைச்சு உறிஞ்சிறது. வெட்டு 3 மில்லிமீற்றர்கூட வராது, மடிச்ச லென்ஸ் உள்ளை போய் விரியும். நுங்குத் தோலைப் போல அந்த உறை மிஞ்சியிருக்கும், லென்ஸ் அதுக்குள்ளதான் இருக்கும்.

எங்கட ஆக்கள் நுங்கு முத்தினபிறகுதான் வருவினம்! அப்பிடிக் கல்லான வெள்ளைக்கு 6, 7 மில்லிமீற்றரிலை சரிவா ஒரு சுரங்கம் வெட்டி முழுசா எடுக்கிறது. கண்ணுக்குள்ள இருக்கிற அமுக்கமே அந்த வழியை அடைச்சுப்போடும். அதாலை அதுக்கும் தையல் இல்லை.

நெடுங்கேணி: லேசராலை வெள்ளையை எடுக்கலாம் எண்டினம்?

நீங்கள் கேள்விப்பட்டது அனேகமாக் கண்ணாடியைக் கழட்டிற லேசர். அது கண்ணின்ர முன்பக்கப் படலத்தைச் செதுக்கிறது, வெள்ளைக்கில்லை. அதுக்கு வழி திறந்தவையிலை சென்னையிலை பிறந்த சீனிவாசன் ஒராள். 1981இலை ஐ.பி.எம். ஆய்வுகூடத்திலை, விருந்திலை மிஞ்சின வான்கோழித் துண்டிலை லேசரைப் பாய்ச்சிப் பாத்தவை. கருகாமல் வெட்டுப்பட்டுது.

அக்கராயன்: சூடடிக்கேக்க நெல்லுச் சுணை கண்ணிலை பட்டிட்டுது. தாய்ப்பால் விடலாமோ?

விடாதேங்கோ. சுத்தமான தண்ணியாலை கழுவிப்போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பாமசியிலை கேட்டு வாங்கிற துளிமருந்தும் வேண்டாம். சிலதிலை ஸ்டீரொயிட் இருக்கும், பூஞ்சணம் பிடிச்ச கண்ணுக்கு அது பசளை போட்ட மாதிரி. படலம் வெண்மையாகிப் போனா, பிறகு செத்த ஒராளின்ர கண்ணிலையிருந்து எடுத்துத்தான் மாத்தவேணும்.

திரும்பவும் மல்லாவி மகள்: அம்மா ஓம் எண்டிட்டா! எப்ப தலைக்கு முழுகலாம் எண்டு கேக்கிறா.

டொக்டர் நாள் சொல்லுவார். அதுவரைக்கும் ஈரத்துணியாலை உடம்பைத் துடைச்சு விடுங்கோ, கண்ணுக்குள்ள தண்ணி போகக்கூடாது. அடுப்பு ஊதுறதையும் நீங்களே பாருங்கோ, அவவை விடாதேங்கோ.