இரு கரைக்கும் பொதுவான கடல்: ஆய்வுக்குப் பணம் எங்கே கேட்பது?

கேள்வி: தொண்டிப் பக்கம் நாட்டுப்படகு மீனவர் சங்கம் ஒன்றின் செயலாளர் நான். வருடத்துக்கு வருடம் வலையில் நண்டு குறைகிறது. நண்டை மட்டும் பார்க்காமல் கடற்புல், சேறு, வலை என எல்லாவற்றையும் சேர்த்து ஆராய வேண்டும் என்று நினைக்கிறோம். யாழ்ப்பாணப் பக்கத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் ஆர்வமாக இருக்கிறது. வெளிநாட்டு நிதி வாங்கித் தருவதாக ஒருவர் 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். பணத்தைத் தன் டிரஸ்ட் கணக்கில் வாங்கி எங்களுக்கு மாற்றிவிடுவாராம். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணைக்கே போக வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதன்பின் ஓர் அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டு நிதியை வேறொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. முன்பு பதிவு பெற்ற அமைப்புகளுக்குள் அது நடந்தது, இப்போது இல்லை. நாளைக்கு விசாரணை வந்தால் அவருடைய டிரஸ்டோடு உங்கள் சங்கமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த முன்பணக்காரர்கள் எழுதித் தரும் விண்ணப்பம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். பாக் விரிகுடா பற்றிய ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. முதல் இரண்டு பக்கமும் ஒழுங்காக இருந்தன. மூன்றாம் பக்கத்தில் ‘சிலிகா ஏரியின் மீனவர்கள்’ என்று வந்தது. ஒடிசாவுக்கு எழுதியதில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி விற்றிருக்கிறார்கள், ஓரிடத்தில் மாற்ற மறந்துவிட்டார்கள். அந்தத் தாளுக்கு ஒரு கிராமமே வீட்டுக்கு வீடு வசூல் செய்து பணம் கொடுத்திருந்தது. உண்மையாக நிதி தருகிற எந்த இடமும் விண்ணப்பிக்க முன்பணம் கேட்பதில்லை. விண்ணப்பம் எழுத ஆள் வேண்டுமென்றால் பக்கத்துக் கல்லூரியில் கடல்சார் படிப்பு முடித்த உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரைப் பிடியுங்கள்.

சரி, வெளிநாட்டுப் பணமே தொடக்கூடாதா? இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. ஆடிட்டர்களே இதில் குழம்புவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐக்கிய நாடுகள் சபை, அதன் சிறப்பு அமைப்புகள், உலக வங்கி, பன்னாட்டு நிதியம் ஆகியவற்றை அந்தச் சட்டம் ‘வெளிநாட்டு மூலம்’ என்று கணக்கில் எடுப்பதில்லை. மத்திய அரசு அறிவித்த வேறு சில அமைப்புகளுக்கும் இந்த விலக்கு உண்டு. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு உங்களுக்கு நேரடியாகப் பணம் தந்தால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் அதே பணம் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குப் போய் அங்கிருந்து உங்களுக்கு வந்தால் விலக்கு போய்விடும். பணம் முதலில் எங்கே பிறந்தது என்று பார்க்காதீர்கள், கடைசியாக யார் கையிலிருந்து உங்கள் கைக்கு வருகிறது என்று பாருங்கள். ‘இது ஐ.நா. பணம்தான், பயப்படாதீர்கள்’ என்று யாராவது சொன்னால், அனுப்புகிற கணக்கு யார் பெயரில் என்று கேளுங்கள். அதை எழுத்தில் வாங்கி ஆடிட்டரிடம் காட்டிய பிறகே சரி சொல்லுங்கள்.

அப்புறம், நீங்கள் தேடுவது இரு கரைக்கும் சேர்த்து ஒரே நிதி. 1974-லும் 1976-லும் கடலில் எல்லை வகுத்த இரு அரசுகளும் பாக் விரிகுடாவின் ஆய்வுக்கென்று இன்றுவரை ஒரு பொது நிதி வைக்கவில்லை. பால்டிக் கடலைச் சுற்றியுள்ள 8 நாடுகள் ‘போனஸ்’ என்ற ஒரே திட்டத்தில் பணம் போட்டன. பாதி நாடுகளுடையது, பாதி ஐரோப்பிய ஒன்றியத்துடையது, மொத்தம் 10 கோடி யூரோ வரை. இங்கே கடற்புல்லையும் ஆவுளியா என்கிற கடற்பசுவையும் காக்க உலகச் சுற்றுச்சூழல் நிதியில் ஒரு திட்டம் நடந்தது. அதில் இலங்கை இருந்தது, இந்தியா இல்லை. இந்தப் பக்கத்து ஆவுளியாவுக்கு மத்திய அரசு தேராதூனில் உள்ள வனவுயிர் நிறுவனம் வழியாகத் தனியாகச் செலவிட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் தமிழ்நாடு அரசு ஆவுளியா காப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் புல் எல்லைக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே கடலில் வளர்கிறது, கோப்பு மட்டும் இரண்டு தலைநகரங்களில் தனித்தனியாகக் கிடக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அதனால் பணம் அவரவர் கரையிலேயே இருக்கட்டும், அளக்கும் முறையை மட்டும் ஒன்றாக்குங்கள். நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் இரு பக்கமும் நீண்டிருக்கும் பெரிய முள்ளின் நுனிக்கு நுனி அளப்பவர்கள் உண்டு. முள்ளை விட்டுவிட்டு அதன் அடியிலிருந்து அளப்பவர்களும் உண்டு. ஒரே நண்டுக்கு இரண்டு எண் வரும். வலையிலிருந்து கழற்றும்போது முள் ஒடிந்துபோனால் நுனிக்கணக்கு அதோடு போச்சு. ஆகவே முள்ளின் அடியிலிருந்து என்று இரு சங்கமும் முடிவு செய்து ஒரே தாளில் எழுதுங்கள். சினை நண்டு எத்தனை, வலைக் கண்ணி என்ன அளவு, எத்தனை பாகம் (இரு கையும் விரித்த நீளம்) ஆழம், அன்று வாடைக் காற்றா கச்சான் காற்றா, வலையில் புல் ஏறியதா என்பதையும் எழுதுங்கள். இரு கரையிலும் ஒரே தாளில் ஒரு வருடம் பதிந்தால், அதை வைத்து எந்த நிதிக் குழுவிடமும் பேசலாம்.

பணத்துக்கு உங்கள் பக்கம் தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. மத்திய அறிவியல் நிதிக்கு அவர்கள் விண்ணப்பிக்கட்டும், அதில் உங்கள் சங்கம் பங்காளியாக இருக்கட்டும். படகு வாடகையும் பதிவேடு எழுதுபவரின் கூலியும் தனி வரியாகப் பட்ஜெட்டில் வர வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். பிறகு கேட்டால் ‘சமூகப் பங்களிப்பு’ என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவார்கள். யாழ்ப்பாணத்தவர் தங்கள் பல்கலைக்கழகத்தின் மீன்பிடியியல் துறையைப் பிடிக்கலாம். இரு நாட்டு அறிவியல் துறைகளும் கூட்டு ஆய்வுக்கு அவ்வப்போது அழைப்பு விடுவதுண்டு. அது வரும்போது, ஏற்கெனவே சேர்ந்து அளந்த இரண்டு பல்கலைக்கழகங்கள் கையில் ஆதாரத்தோடு நிற்கும்.

ஆய்வு மாதிரி எதையும் அக்கரைக்குப் படகில் கொடுத்தனுப்பாதீர்கள். ஆய்வு முடிவை அந்தக் கரைக்குத் தரவும் உயிரினப் பன்மயச் சட்டப்படி அனுமதி தேவைப்படலாம். அதைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளட்டும்.

முன்பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், எந்த நிதிக்கு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தார் என்று இந்த வாரமே கடிதம் எழுதிக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைச் சங்கத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவையுங்கள்.