வெண்பன்றிப் பண்ணைக்குள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழையாமல் தடுப்பது எப்படி?

ஓட்டல் கழிவை நம்பி நாற்பது வெண்பன்றிகள் வளர்ப்பதாகவும், தடுப்பூசி கிடைக்காத இந்த நோய்க்கு எந்த மருந்தைத் தெளிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே கழிவில் பண்ணை நடத்துபவன் என்பதால் சொல்கிறேன்: தெளிப்பானை விட உங்கள் தீவனப் பீப்பாயைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

2007ஆம் ஆண்டில் ஜார்ஜியா நாட்டிற்குள் இந்நோய் புகுந்தது, கருங்கடல் துறைமுகத்தில் இறக்கப்பட்ட கப்பல் உணவுக் கழிவைப் பன்றிகள் தின்றதால்தான் என்று கருதப்படுகிறது. இந்தியாவில் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் உறுதியான இது, 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளிலும், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் கண்டறியப்பட்டது. (மனிதருக்கு இது தொற்றாது, 2009இல் பரவிய பன்றிக் காய்ச்சல் வேறு.)

கழிவில் கலந்து வரும் பன்றி இறைச்சித் துண்டுகளில் இந்தக் கிருமி நீண்ட நாள் உயிரோடிருக்கும். ஆவி வந்தவுடன் அடுப்பை அணைத்தால் பீப்பாயின் நடுப்பகுதி வேகாது. 90 டிகிரி சூட்டில், இடைவிடாமல் கிளறியபடி, ஒரு மணி நேரமாவது வேக வைக்க வேண்டும். விறகுச் செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் பச்சைக் கழிவை அள்ளிய வாளியிலேயே வெந்ததையும் அள்ளினால் அந்தச் செலவு முழுவதும் வீண். நான் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்தது வாசல். ஒரே நாளில் நான்கு பண்ணைகளுக்குச் சென்று வரும் வியாபாரியை எடை பார்ப்பதற்காகக் கொட்டிலுக்குள் விட்ட சில நாட்களில், தடுப்பூசி போடாத என் குட்டிகள் பதினொன்று சாதாரணப் பன்றிக் காய்ச்சலில் (இது தடுப்பூசி உள்ள வேறொரு பன்றி நோய்) இறந்தன. அவரால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. எனினும் அன்றிலிருந்து பன்றிதான் வேலிக்கு வெளியே போகிறது, வியாபாரி உள்ளே வருவதில்லை. கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு வைத்திருக்கிறோம். சாணம் ஒட்டிய செருப்பைக் கிருமிநாசினியில் நனைத்துப் பயனில்லை, முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். வாங்கி வரும் பன்றியையும், இனச்சேர்க்கைக்கு இரவல் வரும் ஆண் பன்றியையும் முப்பது நாட்களாவது தனியே வைத்துப் பாருங்கள்.

கடுங்காய்ச்சலும் காதுகளில் செந்நீல நிறமும் கண்டு பன்றிகள் அடுத்தடுத்து இறந்தால், மீதியை அவசரமாக விற்றுவிடாதீர்கள். அந்தப் பன்றிகள் அடுத்த பண்ணையையும் அழிக்கும். அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் கிருமி மிகுதியாக இருக்கும் என்பதால், அவர் வரும்வரை இறந்த பன்றியை அறுக்கவோ ஓடையில் எறியவோ கூடாது.